இடக்கைச் சுத்து

மேலப்பாளையத்துப் பீடிக்கடையில செக்கர் சிராஜுதீனுக்குப் பொம்பளையாளுவ வச்ச பேரு 'ஒடிப்பான்'. அவனுக்கும் தெரியும். தெரிஞ்சா என்ன, அவன் வேலை அதுதான்.

காலைல எட்டு மணிக்குக் கடை தொறந்ததும் தட்டும் கையுமா வரிசையில நிப்பாளுவ. கடையில குடுத்த இலையும் புகையிலைத் தூளும் கொண்டுபோயி வீட்டுல வச்சுச் சுத்துன பீடியக் கட்டுக் கட்டா முன்னால வைப்பாளுவ. செக்கர் ஒரு கட்டப் பிரிச்சு, கைநெறைய அள்ளி, பெருவிரலால ஒரு தடவு தடவுவான். தூள் கொறச்சலா, இலையில ஓட்டையா, நூல் தளர்ந்துருக்கா, எல்லாம் வெரலுக்கே தெரிஞ்சுரும். சரியில்லாதத ரெண்டா ஒடிச்சுத் தகர டப்பாவுல போடுவான். அதுக்குப் பேரு கழிவு. கழிவுக்குக் கூலி கெடையாது. கழிஞ்ச பீடிக்கு உண்டான இலைய அவளே வெளிக்கடையில காசு குடுத்து வாங்கி ஈடு கட்டணும். ஒடிச்ச பீடியில உள்ள தூள் மட்டும் வீணாப் போவாது. சாயங்காலம் உதிர்த்துச் சலிச்சா, கம்பெனிக்காகக் கடைய எடுத்து நடத்துத நடராஜ் அண்ணாச்சி கணக்குக்குப் போயிரும்.

இந்தச் சிராஜுதீன் இருவத்தி ரெண்டு வயசுல சங்கக் கொடி புடிச்சவன். 'கழிவக் கொற'ன்னு சந்தை முக்குல நின்னு தொண்டை கிழியக் கத்துனவன். அவனோட உம்மா பீடி சுத்தித்தான் அவன வளத்தா. பொறவு செக்கர் வேலை வந்துச்சு. மாசச் சம்பளம், உக்கார நாற்காலி. வரிசைக்கு அந்தப் பக்கம் நின்னவன் இந்தப் பக்கம் வந்து உக்காந்துட்டான். இப்ப வயசு நாப்பத்தி ஆறு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி நடராஜ் அண்ணாச்சி அவன உள்ள கூப்பிட்டுச் சொன்னாரு. "சிராஜு, கம்பெனி இலையக் கொறைக்கான். எனக்கு ஆயிரத்துக்கு அம்பது கழிவு விழணும். பொம்பளையாளுவ தட்டுல விழலைன்னா ஒன் சம்பளத்துல விழும். பாத்துக்க."

பாத்துக்கிட்டான். மேலருந்து வாங்குன அடியக் கீழ குடுத்தான். இதுல புதுசு ஒண்ணும் கெடையாது. நல்ல பீடியும் ஒடிஞ்சுது. வரிசையில முத்துமாலைன்னு ஒருத்தி, வாய் அடங்காதவ, கேட்டே புட்டா: "செக்கர் அண்ணாச்சி, ஒங்க வெரலுக்கு வியாதி எதும் வந்துருக்கா? நல்லது கெட்டது தெரிய மாட்டேங்குதே." எல்லாரும் சிரிச்சாளுவ. அவன் சிரிக்கல. கூட ரெண்டு ஒடிச்சான்.

கடையில ஒடிச்சுட்டு வாரவன் வீட்டுல வந்து சும்மா இருப்பானா? அந்த வெரல் வீட்டுக்கும் வந்துச்சு. சோத்த ரெண்டு பருக்கை நசுக்கிப் பாப்பான், கொழஞ்சிருக்கு என்பான். கேஸ் சிலிண்டரத் தூக்கிப் பாத்து, பதினஞ்சு நாள்ல எப்படி இம்புட்டுத் தீந்துச்சும்பான். கொழம்புல உப்பு, மக நோட்டுல கையெழுத்து, கொடியில துணி காயப்போட்ட விதம், எல்லாத்துலயும் ஒரு கொறை இருக்கும். அடிக்க மாட்டான். கெட்ட வார்த்தை பேச மாட்டான். கொறைய மட்டும் சொல்லிட்டுப் பேசாம இருப்பான்.

மக அஸீலா பதினாறு வயசா இருக்கும்போது, சோறு வைக்கயில விளையாட்டாக் கேட்டா: "வாப்பா, இன்னைக்கு உம்மா தட்டுல எத்தன கழிவு?"

சோத்துல கைய ஒதறிட்டு எந்திரிச்சான். நாலு நாளு வீட்டுல ஒருத்தருகிட்டயும் பேசல. அதோட அந்தப் பிள்ளை அவன் முன்னால விளையாட்டுப் பேச்ச விட்டுது. அவனோட டி.வி.எஸ். வண்டிச் சத்தம் தெருமுனையில கேட்டா, வீட்டுக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த பேச்சு பாதியில நிக்கும். அவன் வாசல்ல கால் வைக்கதுக்குள்ள ஆளுக்கொரு வேலையில இருப்பாவ. நம்ம வீடு ஒழுங்கான வீடுன்னு நெனச்சுக்கிட்டான்.

ப்ளஸ் டூ படிக்கயில அஸீலாவுக்குச் சாப்பாட்டத் தொட்டாக் கொமட்டுச்சு. வண்ணாரப்பேட்டையில ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாவ. சிராஜு வெளிய பெஞ்சுல உக்காந்துருந்தான். கதவு சாத்தலை. "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. வீட்டுல எதும் டென்ஷனா?" ன்னு டாக்டர் கேட்டது காதுல விழுந்துச்சு. அவன் வீட்டுக்காரி ரைஹானத் கொஞ்ச நேரம் ஒண்ணுஞ் சொல்லல. பொறவு, "அப்படியெல்லாம் இல்ல டாக்டர்" ன்னா. அந்தக் கொஞ்ச நேரம் எம்புட்டு நீளம்னு அவனுக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு.

ரைஹானத்தப் பத்திச் சொல்லணும். அவ இடக்கைக்காரி. சின்னப் புள்ளையில சோத்துல வச்ச இடக்கைக்கு அடி வாங்கி வாங்கிச் சாப்பாடு வலக்கைக்கு வந்துச்சு. பீடி மட்டும் இடக்கையிலயே நின்னுட்டு. மத்தவ சுத்துனா இலை ஒரு பக்கமாச் சுத்தி ஏறும். இவ சுத்துனா எதிர்ப்பக்கமா ஏறும். நூலும் அப்படித்தான். கண்ணால பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. வெரல்ல உருட்டுனாத் தெரியும்.

சிராஜு செக்கருக்கு எடுபிடியா இருந்த காலத்துல, ஒரு கெழவி கொண்டார தட்டுல இந்த எதிர்ச்சுத்துப் பீடி வரும். எல்லாம் ஒரே கனம், ஒரே நீளம், ஒண்ணு கழியாது. அவன் கட்டப் பிரிச்சு உருட்டிக்கிட்டே உக்காந்துருப்பான். இது யாரு கைன்னு பைய விசாரிச்சான். கெழவியோட மக ரைஹானத்துன்னு தெரிஞ்சுது. உம்மாவ அனுப்பிப் பொண்ணு கேட்டான். முகத்தப் பாத்தது நிக்காஹ் அன்னைக்குத்தான். கைய ஒரு வருசமாப் பாத்துட்டான்.

இத அவன் அவகிட்டச் சொல்லவே இல்ல. இருவது வருசத்துல ஒரு தடவ கூடச் சொல்லல. இதெல்லாமா ஒரு ஆம்பளை பொண்டாட்டிகிட்டச் சொல்லுவான்?

கட்டிட்டு வந்த மறுநாளே அவ பீடித்தட்டத் தூக்கிப் பரண்ல போட்டான். "செக்கர் பொண்டாட்டி பீடி சுத்தக் கூடாது. நாலு பேரு சிரிப்பான்" ன்னான். பெருமையாத்தான் சொன்னான். அவ தட்டையே பாத்துக்கிட்டு நின்னா. அந்தத் தெருவுலயே வேகமாச் சுத்துனவ அவ. அதையும் அவன் யோசிக்கல.

இந்த வருசம் சித்திரையில ஒருநாள், எதிர்வீட்டு ஜமீலா பீவி ஆயிரம் பீடி கொண்டாந்து வச்சா. வயசு அறுவத்தி மூணு, கண்ணு மங்கல், ஐநூறு சுத்துததே அவளுக்குப் பெரும்பாடு. என்னடா ஆயிரம்னு சிராஜு ரெண்டாவது கட்டப் பிரிச்சு வெரல்ல உருட்டுனான்.

எதிர்ச்சுத்து.

இருவது வருசம் கழிச்சு அதே கனம், அதே நீளம். வெரலு நின்னுட்டு. ஜமீலா பீவி அவன் மூஞ்சையே பாத்துக்கிட்டு நின்னா.

அந்த நிமிசம் அவன் மனசுல என்ன வந்துச்சுன்னு மறைக்காமச் சொல்லணும். சந்தோசம் வந்துச்சு, ஒரு நொடி. அது பின்னாலயே கோவம் வந்துச்சு. எனக்குத் தெரியாமயா? நான் வேண்டாம்னு சொன்னதையா? என் கடைக்கேவா? வீட்டுல பணம் பத்தலைன்னு ஊருக்குக் காட்டுதாளா?

"இது யாரு சுத்துனது? கை வெளங்காதவளா?" ன்னான். எம்பது பீடிய ஒடிச்சான். ஒண்ணுலயும் தப்பு கெடையாது.

ஜமீலா பீவி தகர டப்பாவ எட்டிப் பாத்தா. "நம்ம தெருக்காரிதான் தம்பி" ன்னு சொல்லிட்டு, ஒடிஞ்சதுல நாலஞ்சு எடுத்துத் துப்பட்டி முனையில முடிஞ்சா. எதுக்குன்னு அவனுக்கு அப்பப் புரியல.

வீட்டுக்கு வந்து காத்துருந்தான், அவளாச் சொல்லட்டும்னு. அவ சோறு வச்சா. கையில புகையிலை வாடை.

"கை என்ன ஒரு மாதிரி நாறுது?"

"மீன் ஆய்ஞ்சேன்."

அன்னைக்குச் சோத்துக்குப் பருப்பு. அவன் பருப்ப ஊத்திச் சாப்பிட்டான். பொய்யப் புடிச்சு வச்சுக்கிட்டதுல உள்ளுக்குள்ள ஒரு ருசி இருந்துச்சு. அதச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கும், ஆனா இருந்துச்சு.

மறுநாளும் ஒடிச்சான். அடுத்த வாரம் தொண்ணூறு. நடராஜ் அண்ணாச்சிக்கு வேண்டிய கழிவுல ஒரு பங்கு இதுலயே விழுந்துருச்சு. மத்தவளுவ தட்டுல கை கொஞ்சம் லேசாவும் போச்சு. முத்துமாலை கூட, "செக்கர் அண்ணாச்சிக்கு வெரல் சொகமாயிட்டா" ன்னு கேட்டா. அப்படி நாப்பத்தி ரெண்டு வேலை நாளு. வீட்டுல ஒரு வார்த்தை கேக்கல. இவன் தட்டுல பேசுனான், அவ மீன் ஆய்ஞ்சா.

ஆனி மாசம் பொறந்த ரெண்டாம் நாளு, வரிசையில ஜமீலா பீவியக் காணோம். அவ தட்டோட அஸீலா நின்னா. ஜமீலா படியில வழுக்கி விழுந்து மணிக்கட்டுல கட்டுப் போட்டுருக்கான்னு வரிசையில பேசிக்கிட்டாவ. பிள்ளை பெரியவளா இருந்தா. துப்பட்டிக்குள்ள அவளோட உம்மா சாடை அப்படியே இருந்துச்சு. கடையில அவ அதுவரை வந்ததே இல்ல. பொம்பளையாளுவ பேச்ச நிறுத்துனாளுவ. பின்னால மேசையில நடராஜ் அண்ணாச்சி உக்காந்துருக்காரு.

அவ முறை வந்துச்சு. ஜமீலாவோட பீடிக் கணக்குப் பாஸ்புக்க நீட்டுனா. எல்லாம் எதிர்ச்சுத்து.

விட்டுருக்கலாம். ஒரு கட்டக் கூடப் பிரிக்காம அந்தப் பக்கம் தள்ளிருக்கலாம். அவன் கை அள்ளுச்சு, தடவுச்சு, ஒடிச்சுது. பழக்கமா, அண்ணாச்சி பாக்காருங்குத பயமா, மக முன்னால தோக்கக் கூடாதுங்குத வீம்பா, மூணுமா. பன்னெண்டு ஒடிச்ச பொறவு அஸீலா தகர டப்பாவுல கைய விட்டு ஒண்ண எடுத்தா. ரெண்டு துண்டையும் உள்ளங்கையில சேத்து வச்சு அவன்கிட்ட நீட்டுனா.

"வாப்பா, இதுல என்ன தப்பு?"

அவன் அடுத்த கட்ட இழுத்தான்.

"உம்மா கேக்கா. தெனமும் ஜமீலா பெரியும்மா கொண்டார ஒடிஞ்ச பீடியப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கா. இலைய வெளிச்சத்துல காட்டிப் பாக்கா. தூளக் கொட்டி எண்ணாத கொறைதான். தப்பு எங்கன்னு தெரியலையேங்கா. எனக்குக் கை போயிட்டு போல அஸீலாங்கா." பிள்ளை சத்தத்தக் கூட்டல. "ஒண்ணு சொல்லுங்க. போய்ச் சொல்லுதேன்."

"யாருவே இது, ஒம்ம மகளா?" ன்னாரு அண்ணாச்சி பின்னாலருந்து.

"ஆமா அண்ணாச்சி."

"நல்ல பிள்ளை. செக்கர் வேலைக்கு ஆகும்."

யாரும் சிரிக்கல. சிராஜு பாஸ்புக்குல கழிவு பன்னெண்டுன்னு எழுதுனான். அஸீலா அந்த ஒடிஞ்ச பீடிய டப்பாவுல திரும்பப் போட்டுட்டுப் போயிட்டா.

அன்னைக்கு மத்தியானம் லுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடிச்சதும் அவன் நேரா ஜமீலா பீவி வீட்டுக்குப் போனான். கட்டுப் போட்ட கைய மடியில வச்சு உக்காந்துருந்தா. மூலையில ரைஹானத்தோட தட்டு இருந்துச்சு. பரண்லருந்து எப்ப எறங்குச்சுன்னே அவனுக்குத் தெரியல. பரணப் பாத்து எத்தன வருசம் ஆச்சு.

"வாலே ஒடிப்பான்" ன்னா ஜமீலா. "உக்காரு."

"நான் தெரிஞ்சுதான் ஒடிச்சேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே ஒன் மூஞ்சி சொல்லிட்டு. அந்தக் கிறுக்கிகிட்டச் சொன்னேன், ஒன் மாப்பிள்ளைக்குக் கை தெரிஞ்சுரும்டீன்னு. செக்கருக்குக் கழிவுதான் தெரியும் ராத்தா, கையா தெரியப் போவுதுன்னா. ஒன்னைய நல்லவன்னு நெனச்சுல்லா அதச் சொல்லுதா. தெரிஞ்சா ஒடிக்க மாட்டாருன்னு. எப்படி நான் மேல சொல்ல?"

"எதுக்கு அவளுக்குப் பணம்? காலேஜ் பீசுக்கு நான் எடுத்து வச்சுருக்கேன்."

"ஹாஸ்டலுக்கு."

"என்ன ஹாஸ்டல்? காலேஜ் பாளையங்கோட்டையில. நாலு கிலோமீட்டர். பொம்பளைக்குப் பஸ்ல காசும் கெடையாது."

ஜமீலா பீவி அவன ஏற எறங்கப் பாத்தா. "எல்லாத்தையும் கரெக்டா அளந்து வச்சுருக்க. இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு எதுக்குலே ஒரு தாயி பிள்ளைய ஹாஸ்டல்ல போடப் பாக்கா? அந்தப் பிள்ளை என் வீட்டுல வந்து ரெண்டு தட்டுச் சோறு திங்கி, தெரியுமா? ஒன் வண்டிச் சத்தம் கேட்டா எடுத்த உருண்டைய வைக்கி."

அவன் எந்திரிச்சான்.

"அவகிட்டச் சொல்லப் போறியா?"

"தெரியல."

"சொல்லாட்டா நான் சொல்லிருவேன். நான் சொன்னா அவளுக்குப் புருசன் மட்டும்தான் கெட்டவனாவான். நீயே சொன்னா என்ன ஆவியோ, எனக்குத் தெரியாது."

தெருவக் கடக்க ஆறு எட்டுத்தான். ரைஹானத் அடுப்படியில வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா, இடக்கையால. அவன் கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு நின்னான்.

"ரைஹானு. நீ பீடி சுத்துதது எனக்குத் தெரியும்."

கத்தி நின்னுச்சு. "அஸீலா வந்ததுல தெரிஞ்சுதா?"

ஆமான்னு ஒத்த வார்த்தை போதும். தப்பிச்சிருவான். இன்னைக்குத்தான் தெரிஞ்சுதும்மா, தெரியாம ஒடிச்சுட்டேன்னு முடிச்சுரலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"இல்ல. மொத நாளே தெரியும்."

"மொத நாளேன்னா?"

"நீ சுத்துன மொதத் தட்டு. சித்திரையில."

அவ கணக்குப் போடுத மாதிரி வெண்டைக்காயப் பாத்தா. "அப்ப தெரிஞ்சுதான் ஒடிச்சியளா?"

"ஆமா."

"என்ன தப்பு இருந்துச்சு அதுல?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுலயுமா?"

"ஒண்ணுலயும்."

அழுவா, ஏசுவான்னு நெனச்சான். அவ தன்னோட இடக்கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "நான் இது போச்சுன்னுல்லா நெனச்சேன்" ன்னா. "வேற என்ன எனக்குத் தெரியும்? படிப்பா படிச்சேன்? இது ஒண்ணுதான தெரியும். அதுவும் போச்சுன்னு நெனச்சேன்."

அவ நிமிந்து அவனப் பாத்தா.

"என் கைன்னு எப்படிக் கண்டுபுடிச்சிய?"

அப்பத்தான் சொன்னான். கெழவி தட்டு, எதிர்ச்சுத்து, ஒரு வருசம் உருட்டிக்கிட்டு உக்காந்துருந்தது, உம்மாவப் பொண்ணு கேக்க அனுப்புனது. திக்கித் திக்கித்தான் சொன்னான். சந்தை முக்குல கத்துன வாயி, இங்கன வார்த்தை வரல.

ரைஹானத் முழுசும் கேட்டா. "இத எதுக்கு ஒருநாளும் சொல்லல?"

"சொல்லணும்னு தோணல."

"தப்பு இருந்தா மட்டும் தோணும், என்ன?"



அவ திரும்ப நறுக்க ஆரம்பிச்சா. "அடுப்படியில வந்து சொன்னா எனக்கு என்ன லாபம்? ஒடிச்சது அங்கன வச்சு. கை வெளங்காதவளான்னு கேட்டதும் அங்கன வச்சு. நாளைக்கு நானே தட்டக் கொண்டாரேன். அங்கன வச்சுச் சொல்லுங்க."

"அண்ணாச்சி இருப்பாருடீ."

"இருக்கட்டும்."

மறுநாள் அவ வந்தா. வரிசையில பத்தாவதா நின்னா. முன்னால உள்ளவ விலகி வழி விட்டும் முந்தல. அவ முறை வந்ததும் ஐநூற வச்சா. சிராஜு கட்டக் கட்டாப் பிரிச்சு, ஒழுங்காத் தடவிப் பாத்தான். நாலு பீடிய ஒடிக்காம எடுத்து அவ முன்னால வச்சான்.

"இந்த நாலும் தளர்வு."

அவ ஒவ்வொண்ணா உருட்டிப் பாத்தா. "ஆமா, தளர்வுதான்" ன்னு ஒத்துக்கிட்டா. பொறவு நகராம நின்னா.

அவன் எந்திரிச்சான். "ஜமீலா பீவி தட்டுல நாப்பத்தி ரெண்டு நாளா வந்த எதிர்ச்சுத்துப் பீடி, நல்ல பீடி. நான் வேணும்னே ஒடிச்சேன். சுத்துனது என் வீட்டுக்காரி. அவ கை மாதிரிக் கை இந்தக் கடைக்கு வந்தது இல்ல. இந்தக் கையப் பாத்துத்தான் நான் அவளக் கேட்டேன்."

பொறவு முத்துமாலை: "செக்கர் அண்ணாச்சி, என் பீடியையும் இப்படி யாராது பாத்துருந்தா நான் ஏன் அந்தக் குடிகாரனக் கட்டிருக்கப் போறேன்?" வரிசை முழுக்கச் சிரிப்பு. ரைஹானத் கூடத் துப்பட்டியால வாயப் பொத்துனா.

"சிராஜு, இது கடையா, மேடையா?" ன்னாரு நடராஜ் அண்ணாச்சி.

முத்துமாலை சிரிப்ப நிறுத்திட்டு இன்னொண்ணு கேட்டா. "அது இருக்கட்டும். ரெண்டு வருசமா எங்க பீடியில எம்புட்ட வேணும்னே ஒடிச்சிய? ரைஹானத்து ஒங்க பொண்டாட்டி, எந்திரிச்சு நின்னு சொல்லிட்டிய. எங்களுக்கு யாரு எந்திரிச்சு நிப்பா?"

சிரிச்சவளுவ எல்லாம் அவனையே பாத்தாளுவ. பொண்டாட்டிகிட்ட ஒத்துக்கிட்டாச்சு, வரிசையில உள்ள மத்த நூத்தம்பது பேருகிட்ட எப்படி ஒத்துக்கிடது? அன்னைக்கு நாற்காலியில உக்காந்து, நெஜமாவே கழியுதத மட்டும் ஒடிச்சான். ஆயிரத்துக்குப் பத்து விழுந்துச்சு. சில நாள் எட்டு. மாசக் கடைசியில அண்ணாச்சி சொன்னதச் செஞ்சாரு, சம்பளத்துல புடிச்சாரு. இவன் வாயத் தொறக்காம வாங்கிக்கிட்டான். ரெண்டு வருசமா நூத்தம்பது பேரு வாயத் தொறக்காம வாங்குனதுதான அது.

ரைஹானத் ஹாஸ்டல விடல. "நான் சொல்லிட்டேன்ல, இனி பிள்ளை வீட்டுலருந்து போய்ட்டு வரட்டுமே" ன்னு ஒருநாள் பையக் கேட்டுப் பாத்தான்.

"நீங்க சொன்னது எனக்கு. அவளுக்கு என்ன செஞ்சிய?" ன்னா.

ஹாஸ்டலுக்குக் கொறைஞ்ச பணத்தப் பீசுக்கு எடுத்து வச்சதுலருந்தும் ஜமீலா பீவிகிட்டருந்தும் சேத்தாவ. சேக்கப் போன அன்னைக்கு வார்டன் அம்மா பாரத்தப் படிச்சுட்டுக் கண்ணாடியக் கழட்டுனாங்க. "மேலப்பாளையமா? இங்கருந்து நாலு கிலோமீட்டர்தான? டவுன் பஸ்ல வந்துட்டுப் போகலாமே. தூரத்துலருந்து வார பிள்ளைங்களுக்கே எடம் பத்தல. காரணம் என்ன?"

ரைஹானத் தரையப் பாத்தா. அஸீலா செவுத்தப் பாத்தா. டாக்டர் வீட்டுல கேட்ட அதே அமைதி. இந்தத் தடவ அவன் வெளிய பெஞ்சுல இல்ல, உள்ள நிக்கான்.

"வீட்டுல படிக்க முடியாது மேடம்."

"ஏன், ஆளுங்க அதிகமா?"

"மூணு பேருதான். நான்தான் காரணம். நான் இருந்தா பிள்ளைக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

வார்டன் அவன ஒரு மாதிரிப் பாத்தாங்க. குடிகாரன்னு நெனச்சுருப்பாங்க. நெனச்சுட்டுப் போகட்டும். கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. வெளிய வந்ததும் அஸீலா, பெட்டிய அவன் தூக்கப் போனப்ப, தடுக்காம விட்டா. அது ஒண்ணுதான்.

பிள்ளை போன பொறவு வீடு சும்மாவே அமைதியாத்தான் இருக்கு. ரைஹானத் காலைல எதிர்வீட்டுல போயி உக்காந்து சுத்துதா. தட்ட இங்கன கொண்டாந்து வச்சுச் சுத்துன்னு அவன் சொல்லியாச்சு. "அங்கன பேச ஆளு இருக்கு" ன்னுட்டா.

மாசம் ஒருக்கா ஞாயித்துக்கிழமை அஸீலா வாரா. ஆடியில வந்த அன்னைக்கு, சிராஜு சந்தை வரைக்கும் போயிட்டுத் திரும்புனவன், பள்ளிவாசல் முக்குலயே வண்டிய அணைச்சுட்டான். அங்கருந்து தள்ளிக்கிட்டு வந்தான். வாசலுக்கு வெளிய வந்து நின்னா, உள்ள அஸீலா சத்தம். வார்டன் அம்மா கொறட்டை விடுதத நடிச்சுக் காட்டுதா போல. ரைஹானத் சிரிக்கா. இந்தச் சிரிப்பு இந்த வீட்டுக்குள்ள இம்புட்டு வருசமா இருந்துருக்கு. அவன் வரும்போது மட்டும் இல்லாமப் போயிருக்கு.

உள்ள போனா நின்னுரும். அதனால வண்டியப் புடிச்சுக்கிட்டே வெயில்ல நின்னான்.

ஜமீலா பீவி எதிர்வீட்டு ஜன்னல்லருந்து பாத்துட்டா. "ஏ ரைஹானு, ஒன் வாசல்ல ஒருத்தன் ஒட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கான் பாரு" ன்னா.

கதவு தொறந்துச்சு. "எதுக்கு வெளிய நிக்கிய? உள்ள வாங்க. சோறு ஆறுது."

உள்ள போனான். பேச்சு நின்னுட்டு, அவன் நெனச்ச மாதிரியே. மூணு பேரும் உக்காந்தாவ. அஸீலா சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே இருந்தா, வாயில வைக்கல. அவன் மொத உருண்டைய வாயில வச்சான். மீன் கொழம்புல உப்பு கரிச்சுது. நெஜமாவே கூடுதல். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு அடுத்த உருண்டைய எடுத்தான்.

ரைஹானத் பாத்துக்கிட்டு இருந்தா. "உப்பு கூட, என்ன?"

"இல்லையே. நல்லாருக்கு."

"பொய் சொல்லாதிய. கரிக்கி. எனக்குத் தெரியாதா?"

அவன் தட்டையே பாத்தான். "கூடத்தான்."

"அப்படிச் சொல்லுங்க. நேத்து ரசம் நல்லாத்தான இருந்துச்சு, அதச் சொன்னியளா?"

"சொல்லல."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவ இன்னும் கொஞ்சம் வெறுஞ்சோத்த எடுத்து அவன் தட்டுல போட்டா, உப்பு கொறைய. அஸீலா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. பொறவு சத்தத்தக் கொறச்சு, பாதியில விட்ட வார்டன் கதைய உம்மாகிட்ட மட்டும் சொல்லுத மாதிரித் திரும்பச் சொல்ல ஆரம்பிச்சா. சிராஜு தலையத் தூக்கல. தலையத் தூக்குனா எங்க நிறுத்திருவாளோன்னு, தட்டப் பாத்துக்கிட்டே கேட்டான்.